குடைக்காரன் விழும் இடம்

விரலை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் ஒரு கண்ணிமைப்பு கூடுதலாக வைத்திருந்தால் போதும், குடைக்காரன் உத்தரத்தின் விளிம்பைத் தாண்டி நடந்து கீழே போய்விடுவான். தேன்மொழிக்கு இத்தனை நாளும் செய்யக் கூடாத தப்பாக இருந்த அது, இன்று காலையிலிருந்து செய்தாக வேண்டிய காரியமாகிவிட்டது. அவன் விழுந்தான். கறுப்புக் கோட்டும் சிவப்புக் குடையுமாக நகத்தளவு ஆள், மணிக்கூண்டின் பல்சக்கரங்களுக்கு நடுவே சுழன்று சுழன்று போய் விளையாட்டுத் திரையின் அடியில் மறைந்தான். "ச்ச" என்றார் அவள் கணவர் அறவாழி. மறுபடி அவன் மணிக்கூண்டின் வாசற்படியில், ஒன்றுமே நடக்காதவன் மாதிரி குடையை உதறிக்கொண்டு நின்றான். "போகுது விடுங்க, இன்னொரு தரம்" என்றாள் தேன்மொழி. குரல் இயல்பாகத்தான் வந்தது. அப்படி இயல்பாக வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை பூங்கோதை ஓசூரிலிருந்து போன் செய்தாள். "எனக்குப் பயமா இருக்கு அண்ணி. நான் குடுக்கல. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." அவ்வளவுதான். ரத்தம் பார்த்து, ஸ்கேன் பார்த்து, எல்லாம் பொருந்துகிறது என்று டாக்டர் சிரித்த முகமாகச் சொல்லி, அடுத்த வாரம் உறுப்புதானக் கமிட்டிக்கு முன்னால் வந்து மனமொப்பித் தருகிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது மட்டுமே பாக்கியாக இருந்த சிறுநீரகம் அப்படிப் போனது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அவர் துண்டோடு வெளியே வந்து, "யாரு போன்ல?" என்றார். "பால்காரரு" என்றாள். இட்லி சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும். பிறகு, ஊசி ஏற்றி மிஷின் ஓடத் தொடங்கியதும். அப்போதுதான் அவர், "மொழி, இன்னைக்கு மணிக்கூண்ட முடிச்சே ஆகணும்" என்று டேப்லெட்டை எடுத்து வயிற்றின் மேல் தலையணையில் சாய்த்து வைத்தார். சரி, இதை முடித்த சந்தோஷம் ஒன்று அவருக்குக் கிடைக்கட்டும், முடிந்த உடனே சொல்லிவிடுவோம் என்று அவள் தனக்குள் சத்தியம் மாதிரி சொல்லிக்கொண்டாள். முடியாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்பது அதற்கப்புறம்தான், குடைக்காரன் பாதிப் படி ஏறியபோதுதான், அவளுக்குப் புரிந்தது.

அவருடைய இடது கை ஒரு பலகையின் மேல் நீட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டு ஊசிகள். அவற்றிலிருந்து ரத்தம் கனமான சிவப்புக் குழாய்களில் போய், தலைமாட்டில் நிற்கும் மிஷினுக்குள் சுற்றி, கழுவப்பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கையை மடக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. விளையாட்டுக்கோ இரண்டு கை வேண்டும். திரையின் இடப்பக்கம் அழுத்தினால் குடைக்காரன் நடப்பான். வலப்பக்கம் தொட்டால் தாவுவான், தொட்டுப் பிடித்தால் குடையை விரிப்பான். அதனால் நடப்பது தேன்மொழியிடம், தாவுவது அறவாழியிடம். வாரத்தில் மூன்று நாள், ஊசி ஏறிய கைக்கு மேலாக, அதில் படாமல், தன் கையை நீட்டி அவள் அந்தச் சின்ன ஆளை நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு உடம்பை ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று முதலில் சிரிப்பாக இருந்தது. ஊற்று, ரயிலடி, உப்பளம், காற்றாலை என்று வரிசையாக எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள், இந்த மணிக்கூண்டைத் தவிர. இதற்கென்று அறவாழி ஒரு பாடமே வைத்திருந்தார். படிக்கட்டில் ஓடாதே, மூன்றாவது படி பொய்ப்படி, அதைத் தாண்டு. பெரிய சக்கரத்தில் ஏறியதும் அதோடு கூடவே நடந்தால் அது உன்னைக் கீழே கொண்டுபோய்விடும், எதிர்த்து நட. பெண்டுலத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற தங்கக் காசைப் பார்க்காதே, அதை அங்கே வைத்திருப்பதே நீ சாவதற்காகத்தான். வௌவால் வந்தால் நில், அதற்குக் கண் தெரியாது, அசைகிறவனைத்தான் அது அடிக்கும். காற்று வீசும்போது குடையை விரித்துக்கொண்டு விரலை எடுத்துவிடு, காற்றே கொண்டுபோய் விடும். எல்லாவற்றுக்கும் மேலே, மணிக்கு முன்னால், ஒரே ஒரு உத்தரம். அதன் நுனியில் அவள் விரலை எடுப்பதும் அவர் குடையை விரிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. "கண்ணால பாத்து ஆடாத, காதால கேட்டு ஆடு" என்பார். "டிக், டிக்குனு ஓடுதுல்ல, ரெண்டு டிக்குக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கும் பாரு, அந்தப் பள்ளத்துல காலை வையி." அந்தப் பள்ளம் அவளுக்கு இப்போதெல்லாம் நன்றாகக் கேட்கிறது. கேட்கிறதனால்தான் சரியாக அதைத் தவறவிடவும் முடிகிறது.

கல்யாணமான புதிதில் அவர் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். வெயில் காலத்தில் நிஜாம் பாக்கு வாசனையும் பையன்களின் வேர்வை வாசனையும் கலந்து கிடக்கும் இருட்டு அறை, வரிசையாக டிவிப் பெட்டிகள், கேசட்டை உருவி வாயால் ஊதிச் சொருகும் சத்தம். அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "செவப்புச் சட்டை, மறுபடி பாலத்துலயே விழுந்துட்டியா, போயி கூட நாலு தரம் விழு" என்பார். சத்தத்தை வைத்தே எந்தப் பெட்டியில் யார் எங்கே செத்தான் என்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடையோடு நின்ற அவளுக்கு அது ஏதோ சித்து வேலை மாதிரி இருந்தது. அப்புறம் அந்தக் கடை பிரௌசிங் சென்டர் ஆயிற்று, ஜெராக்ஸ் ஆயிற்று, ரீசார்ஜ் கடை ஆயிற்று, அவருக்குக் கால் வீங்கத் தொடங்கிய வருஷம் ஷட்டரை இறக்கியது இறக்கியதுதான். பிள்ளை இல்லாததைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தன் கடையில்தான் விழுந்து எழுந்தார்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிற மனிதரிடம் எதைத் திருப்பிச் சொல்வது. சொல்லத்தான் வேண்டும், உங்கள் தங்கை தரமாட்டாளாம். எவ்வளவு சின்ன வாக்கியம். நாக்கு நுனிவரை வந்து அங்கேயே குந்திக்கொள்கிறது. "மொழி, நட" என்றார் அவர். அவள் நடந்தாள். பொய்ப்படி தாண்டியது. சக்கரம். எதிர்த்து நட, எதிர்த்து நட.

"என்னம்மா, கோட்டையப் புடிச்சாச்சா?" என்றார் அடுத்த படுக்கைக் காஜா மைதீன் பாய். அவர் உறையூரில் மரக்கடை வைத்திருந்தவர். இந்த வார்டுக்கு எல்லோருக்கும் முந்தி வந்தவர் என்பதால் எல்லோரையும் கிண்டல் செய்யும் உரிமை தனக்குண்டு என்பது அவர் எண்ணம். "இந்த ஆளு விழுறதப் பாத்துப் பாத்து எனக்கு இடுப்பு வலிக்குது. அவனுக்கு ஒரு ஏணி வாங்கிக் குடுங்கப்பா, கடையில நல்ல தேக்குல கெடந்துச்சு." அறவாழி சிரித்தார், ஊசிக் கை குலுங்கியது, மிஷின் கீக் கீக் என்று கத்தியது, சிஸ்டர் ஸ்டெல்லா ஓடி வந்து பொத்தானை அமுக்கிவிட்டு, "பாய், அவரச் சிரிக்க வைக்காதீங்க. நீங்க தண்ணி எவ்வளவு குடிச்சீங்க, மூணு கிலோ ஏறியிருக்கு, மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். "பிரியாணி சாப்புட்டா தாகம் எடுக்கத்தானேம்மா செய்யும்" என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். தேன்மொழியும் சிரித்தாள். இந்த ஏ.சி.க் குளிரில் கம்பளிக்குள்ளிருந்து எப்படிச் சிரிக்கிறார்கள் இவர்கள் என்று அவளுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, எல்லாமே பழகிவிட்டது, ஜன்னலோரப் படுக்கைகூட. அதில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி படுப்பாள், காதில் வயரைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் படுக்கையில் வேறொரு ஆள் இருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாய்கூட அன்று ஒன்றும் பேசவில்லை. விரிப்பு மட்டும் புதுசாக, மடிப்பு கலையாமல் இருந்தது. அந்த மடிப்பு தேன்மொழிக்குத் தூக்கத்தில் வரும். நீளமான வெள்ளை விரிப்பு, அதில் நேர்க்கோடாக ஒரு மடிப்பு, அதன்மேல் கைவைத்துத் தடவித் தடவிப் பார்ப்பாள், போகாது. வௌவால் வந்தது. நின்றார்கள். அது அவர்களைத் தாண்டிப் பறந்து போயிற்று.

பயமா இருக்கு என்கிறாள். யாருக்குத்தான் பயம் இல்லை. ஆட்டோவில் வரும்போதெல்லாம் தேன்மொழி பூங்கோதையைத் திட்டிக்கொண்டே வந்தாள், வாய் திறக்காமல், பக்கத்தில் அவர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க. புருஷன் லாரியில் அடிபட்டுப் போனபோது மூட்டை முடிச்சோடு யார் வீட்டு வாசலில் வந்து நின்றாய், அந்தச் சின்னக் குட்டிக்கு அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாக யாரடி உட்கார்ந்திருந்தது, ஓசூரில் கம்பெனி வேலைக்கு யார் அலைந்தார்கள், அண்ணன் அண்ணன் என்று அந்த வாய் எத்தனை தடவை சொல்லியிருக்கும். காலையில் போனிலேயே அவள் ஒன்று கேட்டும்விட்டாள். "நாளைக்கு அவரத் தூக்கிப் போட்டப்புறம் வந்து மாருல அடிச்சுக்கிட்டு அழுவியாடி நீ?" எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்தாள், எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் சொன்ன விதம் எங்கோ இடறுகிறது. எனக்குப் பயமா இருக்கு அண்ணி, நான் குடுக்கல, அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. மூச்சு விடாமல், ஒரே சீராக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற மாதிரி. பயந்தவள் அப்படியா பேசுவாள். பயந்தவளுக்கு வார்த்தை தடுக்காதா. சீ, அவளுக்காக நான் ஏன் வக்கீலாக வேண்டும். எனக்குச் சர்க்கரை இல்லாமல் இருந்திருந்தால் அவள் வாசலில் யார் போய் நின்றிருப்பார்கள். முதல் நாளே டாக்டர் தலையாட்டிவிட்டார், உங்களோடது வேண்டாம்மா, உங்களுக்கே அது பத்தாது என்று. எவ்வளவு லேசாகச் சொன்னார். இந்த உடம்பு, அரைக்கரண்டி பாயசத்துக்குக்கூட அவரோடு கூட உட்கார முடியாத உடம்பு, ஒரு பிள்ளைக்கும் உதவவில்லை, இதற்கும் உதவவில்லை. இப்போது உதவுவது ஒரே ஒரு விரல். அதையும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் பார்.

காற்று வீசியது. குடை விரிந்தது. அவள் விரலை எடுத்தாள், குடைக்காரன் பஞ்சு மாதிரி மிதந்து உத்தரத்தில் போய் இறங்கினான். நட. நட. நுனி. பள்ளம் கேட்டது. விரலை வைத்தே இருந்தாள். அவன் விழுந்தான். ஆனால் விழுந்துகொண்டே இருக்கும்போதுதான், மிகவும் தாமதமாக, குடை விரிந்தது. இப்போது மட்டுமல்ல. போன தடவையும் அப்படித்தான். அதற்கு முந்தின தடவையும். அவள் சரியாக விரலை எடுத்திருந்தாலும் இவன் விழுந்துதான் இருப்பான். தன் தப்பிலேயே குறியாக இருந்ததில் அவருடைய கையை அவள் பார்க்கவே இல்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்து சத்தத்திலேயே சாவைக் கணக்குப் பார்த்த மனிதருக்கு இந்தப் பள்ளம் கேட்கவில்லையா. கேட்டும் விரல் வரவில்லையா. உடம்பு கைவிட ஆரம்பிக்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று ஜன்னலோரப் படுக்கை டீச்சருக்குத் துணையாக வந்த அவள் அம்மா சொல்லியிருக்கிறாள், முதலில் கையில் இருந்து சின்னச் சின்னச் சாமான் நழுவும், அப்புறம் பேச்சு ஒரு நூல் பிந்தும். நேற்று டம்ளரைக் கீழே போட்டாரே. இல்லை, அது நான் போட்டது. முந்தாநாள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அது எப்போதும் அப்படித்தான் போடுவார். "தலை சுத்துதாங்க?" என்றாள். "இல்லையே." "கை மரத்துப் போற மாதிரி இருக்கா? சிஸ்டரக் கூப்பிடட்டுமா? பிரஷர் பாக்கச் சொல்லட்டுமா?" அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து இப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுக்கிறார். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டி, கண்கள் மட்டும் அந்த இருட்டுக் கடைக்காரனுடையதாகவே இருந்தன.

"மொழி" என்றார். "நீ வெரலை எடுக்க மாட்டேங்குற. நான் கொடைய விரிக்க மாட்டேங்குறேன். இது எந்தக் காலத்துல முடியும்?" வாசற்படியில் குடைக்காரன் குடையை உதறிக்கொண்டு நின்றான். "நீ ஏன் எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "காலைல பால்காரரு பேசல. கோதைதான் பேசினா. அவரு பேசினா நீ இம்புட்டு நேரம் இட்லியப் பிசைஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டே." "பயமா இருக்குன்னு சொன்னாளா?" தலையை மட்டும் அசைத்தாள். "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னாளா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கழுதைக்கு ஒரு வார்த்தை மாத்திச் சொல்லத் தெரியாது" என்றார் அவர், மெதுவாக. "நான்தான் சொல்லச் சொன்னேன். போன வாரம். அவ வந்து நிக்கிறேன் அண்ணேன்னு அழுவுறா. நான்தான் வேண்டாம்னுட்டேன். அண்ணிகிட்ட இப்படிச் சொல்லு, அவ உன்னத் திட்டுவா, வாங்கிக்க, ரெண்டு மாசத்துல சரியாயிரும்னேன். உன்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். இது முடிஞ்சதும் சொல்லலாம், இது முடிஞ்சதும் சொல்லலாம்னு..." அவர் திரையைக் காட்டினார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பாய் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிறவரைப்போலக் குறட்டைகூட விட்டுப் பார்த்தார். "என்னக் கேட்டீங்களா?" என்றாள் தேன்மொழி. "கேட்டா நீ விட்டிருக்க மாட்டே." "ஏன் விடணும்?" "ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க மொழி. அப்பன் இல்ல. நாளைக்கு அந்த டேபிள்ல அவளுக்கு ஒண்ணுன்னா அதுங்களுக்கு யாரு இருக்கா?" "ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு." "எனக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன டாக்டருங்க நெறைய பேரு." அவள் அவருடைய ஊசிக் கையைப் பார்த்தாள், பிளாஸ்திரியைப் பார்த்தாள், குழாயில் ஓடும் சிவப்பைப் பார்த்தாள். "அதுங்களுக்கு யாரு இருக்கான்னு கேட்டீங்க. எனக்கு யாருங்க இருக்கா?" என்றாள். குரல் உயரவில்லை. கடையில் இன்றைக்குக் கருவேப்பிலை இருக்கா என்று கேட்கிற குரல்தான். அதற்கு அவரிடம் பாடம் எதுவும் இல்லை.

மிஷின் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், கோபம் எங்கேயோ பூங்கோதையின் வாசலிலேயே செலவாகிவிட்டிருந்தது. இந்த மனிதர் என்னிடமிருந்து எடுத்தது அவருடையதா, என்னுடையதா. அவருடைய உயிரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்றால், அதில் பாதி நாள் உடன் நடந்த எனக்குக் கால்வாசியாவது கிடையாதா. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன். அதுதான் தெரியும் அவருக்கு. அதனால்தான் கேட்கவில்லை. "ஆடலாமா?" என்றார் அவர் தயங்கி. வேண்டாம் என்று சொல்ல நினைத்துக் கையை நீட்டினாள். படி, பொய்ப்படி, சக்கரம், காசு, வௌவால், காற்று, எதையும் அவள் பார்க்கவில்லை, கண் கலங்கி எல்லாம் செம்மண் தண்ணீர் மாதிரிக் கிடந்தது, காதில் மட்டும் டிக் டிக் என்று ஓடியது. நுனியில் விரலை எடுத்தாள். குடை விரிந்தது. இவ்வளவு சுலபமா என்று தோன்றும்படி அவன் சும்மா மிதந்து போய் மணியின் நாக்கைப் பிடித்துத் தொங்கினான். மணி அடித்தது. வானவேடிக்கை மாதிரி என்னென்னவோ திரையில் வெடித்தது, எக்காளம் ஊதியது. தூங்கிக்கொண்டிருந்த பாய், "மாஷா அல்லாஹ், ஏறிட்டாம்ப்பா!" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். சிஸ்டர் ஸ்டெல்லா தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினாள். அந்த வெற்றியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறவாழிதான் கடைசியில் சத்தத்தைக் குறைத்தார்.

ஊசியை உருவி, பஞ்சு வைத்து, அதை அவரே வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தேன்மொழி வராந்தாவுக்கு வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவர் தெரிந்தார். வெளியே வெயிலில் கண் கூசியது. சைக்கிளில் யாரோ மாம்பழம் கொண்டுபோனார்கள். பூங்கோதை முதல் மணியிலேயே எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்திருந்தவள் மாதிரி. "அண்ணி" என்றாள். அதற்கு மேல் வரவில்லை, அழுதாள். ஒப்பிக்கிற குரல் இல்லை இது, தடுக்கித் தடுக்கி வருகிற குரல். "அண்ணன் சொல்லிடுச்சா அண்ணி? நான் பொய் சொல்லிட்டேன் அண்ணி. எனக்குப் பயம் இருக்குதான், இல்லேங்கல, ஆனா அதுக்காக இல்ல. அண்ணன் சத்தியம் வாங்கிடுச்சு." தேன்மொழி சுவரில் சாய்ந்துகொண்டாள். சுவர் சுட்டது. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி" என்றாள் பூங்கோதை. "சத்தியமாவது ஒண்ணாவது. நீங்க வான்னா நான் நாளைக்கே வண்டியேறி வந்துடறேன். அண்ணன் என்ன பண்ணிடும். நீங்க சொன்னா வருவேன். சொல்லுங்க." வா. அவ்வளவுதான் வேண்டும். அது வாய்க்குள் வந்துவிட்டது, உதடு பிரிந்துகூட விட்டது. கண்ணாடிக்கு உள்ளே அவர் பஞ்சை அழுத்திக்கொண்டு, குனிந்து, பாய் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் தரும் அந்தச் சின்னச் சதைக்கட்டி. பத்து வருஷம் என்றார் டாக்டர், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும். பத்து வருஷம் இந்தச் சிரிப்பைப் பார்க்கலாம். போனுக்குள் எங்கோ தூரத்தில் குழாயில் தண்ணீர் விழுந்தது, ஒரு சிறு பெண் குரல், "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று கத்தியது. பூங்கோதை போனைப் பொத்திக்கொண்டு, "இரு, வரேன்" என்றாள். பிறகு, "அண்ணி? இருக்கீங்களா?"

"ஸ்கூலுக்கு நேரமாகலயா அதுக்கு?" என்றாள் தேன்மொழி.

"இன்னைக்கு மத்தியானம்தான் அண்ணி. பரீட்சை."

"அப்போ முதல்ல அதுக்குச் சாக்ஸ எடுத்துக் குடு" என்றாள். "வெறும் வயித்தோட அனுப்பாத." அங்கிருந்து அண்ணி அண்ணி என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, மார்போடு வைத்து அணைத்துக்கொண்டு, பூங்கோதை தானாகவே வைத்துவிடும்வரை அங்கேயே நின்றாள்.